இடது ஓரத்து ஆள்

எங்களுக்குக் கல்யாணமாகி நடந்த முதல் பெரிய சண்டை, ஒரு கால்பந்து அணிக்கு முதல் ஆளாக யாரை எடுப்பது என்பதைப் பற்றியது. அதுவும் காலால் உதைக்கிற பந்து இல்லை. இரண்டு முனையும் கூராக, பெரிய மாங்கொட்டை மாதிரி இருக்கும் பந்தைக் கையால் வீசியும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடியும் ஆடுகிற அமெரிக்க ஆட்டம். நடந்தது மெல்போர்னில், கிளேட்டனில், எழுபதுகளின் நடுவில். எனக்கு அப்போது ஒன்பதாவது மாதம்.

என் கணவரை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கேயும் ‘இவர்’ என்றே எழுதிவிட்டுப் போகிறேன், அதுதான் கைக்கு வருகிறது. இவர் திருச்சியில் கல்லூரி கிரிக்கெட் அணியில் இருந்தவர். எல்லைக்கோட்டருகே பந்தை எடுத்து ஸ்டம்புக்கு நேராக எறிகிற கை. அந்தக் கையோடு கிளேட்டனில் இருந்த பல்கலைக்கழகத்துக்கு மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தார். வந்த இடத்தில் மண்ணைப் பார்த்தார்களோ இல்லையோ, கையைப் பார்த்துவிட்டார்கள்.

பார்த்தவர் இவர் துறைக்கு வந்திருந்த அமெரிக்க விரிவுரையாளர். அந்த மனிதருக்கு மெல்போர்னில் எல்லாம் பிடித்திருந்தது, கால்பந்தைத் தவிர. ஊரே ஃபூட்டி என்கிற தன்னுடைய கால்பந்தில் மூழ்கிக் கிடக்க, அவர் மட்டும் தன் நாட்டு ஆட்டத்துக்காக ஏங்கினார். அதனால் வருடத்துக்கு ஒரு முறை, வசந்தம் தொடங்கும்போது, ஹாஸ்டல் மாணவர்களை இரண்டு அணியாகப் பிரித்து ஓர் ஆட்டம் நடத்துவார். ஆட்டத்தைவிட அவருக்கு முக்கியம், ஆள் எடுக்கும் சடங்கு. கரும்பலகையில் எல்லார் பெயரையும் எழுதுவார். இரண்டு கேப்டன்களும் மாறி மாறி ஒவ்வொருவராக எடுக்க வேண்டும். போன வருடம் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு. அவர்கள் ஊரில் அப்படித்தானாம்.

போன வருடம் தோற்ற அணிக்கு இந்த வருடம் இவர் கேப்டன். பந்தை வீசுகிறவரும் இவர்தான். போன வருடம் வீசியவர் ஒரு சிங்கப்பூர்ப் பையன். பின்னாலிருந்து ஒருவன் வந்து மோதி, அவன் தோள்பட்டை எலும்பு முறிந்து, வாரக்கணக்கில் கையைக் கழுத்திலிருந்து தொட்டில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தான். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது நான்தான் தோசையைப் பிய்த்துத் தட்டில் போட்டேன். அதை நான் மறக்கவில்லை. இவர் மறந்துவிட்டார், அல்லது மறந்தது போல் நடித்தார்.

என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவது நம் வழக்கம். எனக்குத் தாய்வீடு கப்பலுக்கும் விமானத்துக்கும் அப்பால் இருந்தது. வளைகாப்பைக்கூட ஹாஸ்டல் பெண்கள் நாலு பேர் சேர்ந்து, கண்ணாடி வளையல் கிடைக்காமல் பிளாஸ்டிக் வளையலில் முடித்துவைத்தார்கள். ஆஸ்பத்திரி நகரத்துக்குள் இருந்தது. எங்களிடம் ஒரு பழைய ஸ்டேஷன் வேகன் கார். ஸ்டியரிங்கை ஒட்டி கியர், இரண்டு கையும் வேண்டும். எனக்கு ஓட்டத் தெரியாது. இன்னொன்றும் இருந்தது. கடையில், பஸ்ஸில் எல்லாம் சமாளிப்பேன். ஆனால் பயந்தால் எனக்கு இங்கிலீஷ் ஓடிவிடும். ஒரு முறை பல் டாக்டரிடம் நாற்காலியில் சாய்ந்ததும், வாயில் தமிழைத் தவிர வேறெதுவும் வரவில்லை. பிரசவ வலியில் தெரியாத டாக்ஸிக்காரரோடும் தெரியாத நர்ஸுகளோடும் நான் என்ன பேசுவேன்? பக்கத்தில் இவர் இருக்க வேண்டும், முழுசாக இருக்க வேண்டும்.

“ஆட்டமே வேண்டாம்னு சொல்லிடுங்களேன்” என்றேன்.

“வாக்குக் கொடுத்தாச்சும்மா. கை ஒடிஞ்சா ஒத்தக் கையால ஓட்டுறேன். டாக்ஸி இருக்கு, ஆம்புலன்ஸ் இருக்கு. இது என்ன காடா?” என்று சிரித்தார்.

சிரிக்கிற ஆளிடம் சண்டை போடுவது எனக்கு அறவே பிடிக்காது. அதனால் ஆட்டத்தையாவது புரிந்துகொள்வோம் என்று உட்கார்ந்தேன். இவர் சாப்பாட்டு மேசையில் காய்கறிக் கூடையைக் கவிழ்த்தார். ஐந்து உருளைக்கிழங்கை வரிசையாக வைத்தார். அவற்றுக்குப் பின்னால் ஒரு பச்சை மிளகாய்.

“இந்த மிளகா நான். முன்னாடி நிக்கிற அஞ்சு பேருக்கும் என்னை அடிக்க வர்றவனைத் தடுக்கிறதுதான் வேலை. அதுக்குள்ள நான் யார் ஓடுறான்னு பார்த்துப் பந்தை வீசிடணும்.”

“எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தா உங்களுக்குத் தெரியாது?”

கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. வலது கையால் வீசுகிறவன் கையை ஓங்கும்போது முதுகு இடது பக்கம் திரும்பிவிடுமாம். இடது ஓரத்தில் நிற்கும் உருளைக்கிழங்கைத் தாண்டி ஒருவன் வந்துவிட்டால், வந்து மோதும் வரை தெரியாதாம். அந்த ஓரத்து ஆளுக்கு டேக்கிள் என்று பெயர். சிங்கப்பூர்ப் பையனின் தோள்பட்டை போனது அந்த வழியாகத்தான்.

நான் எழுந்து போய், குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருந்த பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்து, இடது ஓரத்து உருளைக்கிழங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தேன்.

“முதல்ல இவனை எடுங்க.”

அந்தப் பூசணிக்காய் யார் என்று இருவருக்குமே தெரியும். ஈப்போவிலிருந்து இன்ஜினியரிங் படிக்க வந்திருந்த மலேசியத் தமிழ்ப் பையன். எங்கள் வீட்டு வாசலில் குனிந்துதான் நுழைவான், சில சமயம் பக்கவாட்டில். அவன் உட்கார்ந்தால் நாற்காலி ஏதாவது சொல்லும். குரல் மட்டும் யாருக்கும் தொந்தரவு தராத குரல். சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் போகமாட்டான், அடுப்பில் நான் வைத்த பாத்திரத்தையும் சேர்த்துக் கழுவுவான்.

“உனக்குப் புரியலை” என்றார் இவர். “ஜெயிக்கணும்னா மைதானத்துக் கடைசிக் கோட்டைப் பந்தோட தாண்டுறவன் வேணும். அவன் ஒருத்தன்தான் இருக்கான்.”

‘அவன்’ யாழ்ப்பாணத்துப் பையன், கணக்கியல் படித்தவன். ஒல்லி. ஓடினால் அவன் சட்டைக் காலர்கூட யார் கைக்கும் சிக்காது. போன வருடம் தோற்ற அணியிலேயே அவன் ஒருவன்தான் உருப்படியாக ஆடினான்.

“குண்டுப் பசங்க இந்த ஊர்ல நிறையப் பேரு இருக்காங்க” என்று இவர் தொடர்ந்தார். “தடுக்கிறவனை மூணாவதா, நாலாவதா எடுத்துக்கலாம். முதல் வாய்ப்பைப் போய் அதுக்கு வீணாக்குவாங்களா?”

“குண்டா இருக்கிறவன் நிறையப் பேர். நிக்கச் சொன்ன இடத்துல நிக்கிறவன் எத்தனை பேர்? இந்த ஊர்ப் பசங்க பந்தைப் பார்த்தா பின்னாடியே ஓடிடுவாங்க. ஓடி ஓடித்தானே போன வருஷம் அந்தப் பையன் தோள் போச்சு? நீங்க கீழே கிடந்தா, வேகமா ஓடுறவன் வெறுங்கையோட எங்கே ஓடுவான்?”

இவர் பச்சை மிளகாயை எடுத்துக் கடித்துவிட்டார். கோபம் வந்தால் அப்படித்தான், கையில் இருப்பது என்னவென்று பார்க்கமாட்டார். அதற்குப் பிறகு தண்ணீர், மோர், சர்க்கரை என்று ஓடியதில் சண்டை பாதியில் நின்றது. இரண்டு நாள் ‘சாப்பிட வாங்க’, ‘போதும்’ என்பதற்கு மேல் பேச்சில்லை.

ஆள் எடுக்கும் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை. ஹாஸ்டல் பொது அறையில் டீயும், தேங்காய்த் துருவல் போட்ட லாமிங்டன் கேக்கும். நானும் போனேன். என்னை வர வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அந்த மாதத்தில் யாருக்கும் இல்லை. அமெரிக்கர் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். யாழ்ப்பாணத்துப் பையன் முதல் வரிசையில், எழுந்து கைகுலுக்கத் தயாராக, தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஈப்போ பையன் கடைசி வரிசையில், யாருக்கும் மறைக்கக் கூடாதே என்று சுவரோரமாக இருந்தான்.

அமெரிக்கர் இவரைக் கூப்பிட்டார். இவர் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்று, சாக்குக்கட்டியை உருட்டினார். ஒரு முறை திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் செய்யவில்லை, லாமிங்டனைத்தான் மென்றுகொண்டிருந்தேன். இவர் ஈப்போ பையனின் பெயருக்குக் கீழே கோடு போட்டார்.

யாரோ சிரித்தார்கள். ஈப்போ பையன் தன் பெயரில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தான். அமெரிக்கர் மட்டும் எழுந்து வந்து இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் ஊரில் இதே கேள்விக்காக அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள் என்றும், பெரிய பெரிய அணிகளுக்கே இந்தத் துணிச்சல் வருவதில்லை என்றும் சொன்னார். இவர் தலையை ஆட்டி அதை வாங்கிக்கொண்டார். யோசனை தன்னுடையது போலவே நின்றார். நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த அணியின் ஆஸ்திரேலியக் கேப்டன் அடுத்த நொடியே யாழ்ப்பாணத்துப் பையனை எடுத்துக்கொண்டான். வெளியே வரும்போது அவன் என்னை மறித்தான்.

“என்னக்கா, என்னை விட்டுட்டு உந்த மலையை எடுத்துப் போட்டியளே?”

“நான் எங்கேப்பா எடுத்தேன்? உங்க அண்ணன்தானே எடுத்தார்.”

“ஓம் ஓம், அண்ணை எடுத்தவர். எனக்குத் தெரியாதோ?” என்று சிரித்துக்கொண்டே போனான். “ஆட்டத்திலை பாப்பம்.”

ஆட்டம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஹாஸ்டல்களுக்குப் பின்னாலிருந்த மைதானத்தில். காலையில் மழை பெய்து தரை சொதசொதவென்று இருந்தது. தெற்கிலிருந்து காற்று எலும்பு வரை போயிற்று. நான் இரண்டு அணிக்கும் சேர்த்து ஒரு பெரிய டப்பா நிறைய மசால் வடை சுட்டு எடுத்துக்கொண்டு, மடக்கு நாற்காலியில் போர்வை போர்த்தி உட்கார்ந்தேன். பக்கத்தில் அமெரிக்கரின் மனைவி, என் பிள்ளைக்கு என்று மஞ்சள் நூலில் காலுறை பின்னிக்கொண்டிருந்தார். அமெரிக்கர் விசிலோடு நடுவராக நின்றார். ஆள் குறைவு என்பதால், பந்தை முன்னே கொண்டுபோவதும் எதிராளியைத் தடுப்பதும் ஒரே ஆட்களுக்கு வேலை.

முதலில் என் பூசணிக்காய் என் மானத்தைக் காப்பாற்றினான். அவன் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி நின்றான், அவ்வளவுதான். வந்தவர்கள் அவன்மேல் மோதி, என்ன நடந்தது என்று யோசித்தபடி திரும்பிப் போனார்கள். இவர் பின்னால் நிதானமாக நின்று பந்தை வீசினார். ஒரு முறை வீசிய பந்தைப் பிடித்தவன் கோட்டைத் தாண்டியும் விட்டான். நான் போர்வையை உதறி எழுந்து கைதட்டினேன். அமெரிக்கரின் மனைவி என்னைப் பிடித்து உட்காரவைத்தார்.

அதன் பிறகுதான் அது நடந்தது. ஓர் ஆஸ்திரேலியப் பையன் இடது ஓரமாகப் பாய்ந்து வந்தான். ஈப்போ பையன் அவனை மறித்தான். மறிக்கும்போது அவன் கால் அந்தப் பையனின் பூட்ஸைத் தொட்டுவிட்டது. தொட்டதும் ஈப்போ பையன் நின்றான். குனிந்தான். அந்தப் பூட்ஸை விரலால் தொட்டு, தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

யார் மேலாவது கால் பட்டால் நாம் எல்லாரும் செய்வதுதான். பஸ்ஸில் செய்வோம், பந்தியில் செய்வோம். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். ஆனால் அதை அந்தப் புல்லில், அந்த நேரத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆஸ்திரேலியப் பையன் தன் காலில் என்ன ஒட்டியிருக்கிறது என்று குனிந்து பார்த்தான். அவனுக்குப் பின்னால் வந்தவன் எதையும் பார்க்கவில்லை. குனிந்திருந்த மலையைச் சுற்றிக்கொண்டு நேராக வந்து இவர் முதுகில் மோதினான். இவர் சேற்றில் முகம் பதிய விழுந்தார்.

எழுந்துவிட்டார். கையை அசைத்துக் காட்டினார். எனக்கு வயிற்றில் இருந்த பிள்ளை ஒரு சுற்று சுற்றிவிட்டு அமர்ந்தது.

சரி, ஒரு தடவைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் எதிரணியில் இதற்கு அர்த்தம் தெரிந்தவன் ஒருத்தன் இருந்தான். யாழ்ப்பாணத்துப் பையன் தன் கேப்டனிடம் ஓடிப்போய் ஏதோ சொன்னான். அடுத்த முறை ஈப்போ பையனுக்கு எதிரில் அவனே வந்து நின்றான். விசில் ஊதியதும் ஓடவில்லை, முட்டவில்லை. நைசாகத் தன் காலை நீட்டி, ஈப்போ பையனின் காலுக்கு அடியில் வைத்தான். இவன் மிதித்தான். உடனே பதறிக் குனிந்தான். யாழ்ப்பாணத்துப் பையன் அந்தப் பக்கமாக நுழைந்து போய் இவரை இடுப்போடு கட்டித் தள்ளினான். இந்தத் தடவை இவர் வலது முழங்கை தரையில் பட விழுந்தார். எழுந்து, முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார்.

“ஃபவுல்! ஃபவுல்!” என்று நான் கத்தினேன். அமெரிக்கர் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். மன்னிப்புக் கேட்பதற்கு அதில் விதி எதுவும் இல்லை.

இடைவேளையில் எல்லாரும் வடைக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பையனும் கையில் ஒரு வடையோடு நின்றான்.

“வடையைக் கீழே வை” என்றேன்.

“என்னக்கா, நான் என்ன பிழை செய்தனான்? கால் பட்டால் அவன் கும்பிடாமல் விடமாட்டான் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சதை வச்சு விளையாடினன்.”

“சொந்தக்காரன் மாதிரி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டு, வழக்கத்தைக் காட்டிக் கொடுக்கிறியா?”

“அண்ணை என்னை முதலிலை எடுத்திருந்தால் உங்கடை பக்கம்தானே நிண்டிருப்பன்” என்றான். வடையைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஈப்போ பையன் தள்ளிப் போய்த் தனியாக நின்றான். நான் வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவனிடம் நடந்தேன்.

“தம்பி, நீ நகர்ந்தா அங்கே விழுறது யாரு தெரியுதா? இன்னும் கொஞ்ச நாள்ல என்னைக் காருல கூட்டிட்டுப் போக வேண்டிய ஆளு. எனக்கு வேற யாரும் இல்லைப்பா.”

அவன் கண் கலங்கிவிட்டது. “தெரியுதுக்கா. நெனச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன். ஆனா காலு பட்டுருச்சுனா கை தானா போயிடுதுக்கா. பாவம்லா. அம்மா சின்னதுலேர்ந்து சொல்லிச் சொல்லி... நிறுத்த முடியலக்கா.”

திட்டலாம் என்றுதான் போனேன். அவன் சொன்னது எனக்குப் புரிந்தது. எனக்கே நிறுத்த முடியுமா என்றால் முடியாது. அப்போதுதான் தோன்றியது. ஒருவருக்காக இன்னொருவர் மொட்டை போட்டுக்கொள்கிறோம், விரதம் இருக்கிறோம். சாமியே ஒத்துக்கொள்கிறது.

“சரி, ஒண்ணு பண்ணுவோம்” என்றேன். “உன் காலு யார் மேல பட்டாலும் உனக்குப் பதிலா நான் கண்ணுல ஒத்திக்கிறேன். இங்கேதான் உட்கார்ந்திருப்பேன், ஒண்ணு விடாம பார்த்துப்பேன். நீ குனியாதே. பாவம் வந்தா எனக்கு வரட்டும்.”

“உங்களுக்கு எப்படிக்கா? வயித்துல புள்ளையோட...”

“பிள்ளையும் சேர்ந்து ஒத்திக்கும். போ.”

அவனுக்கு அது நியாயமாகத்தான் இருக்கிறது என்று பட்டிருக்க வேண்டும். “கண்டிப்பா செய்வீங்கல்லக்கா?” என்று ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு போனான்.

இரண்டாம் பாதியில் நான் பட்ட பாடு, ஆடியவர்கள் பட்டிருக்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பையன் காலை நீட்டினான். ஈப்போ பையன் மிதித்தான். கை பாதி தூரம் போயிற்று. நின்று, என் பக்கம் பார்த்தான். நான் நாற்காலிக் கையைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக் காட்டினேன். அவ்வளவுதான், அவன் நிமிர்ந்து யாழ்ப்பாணத்துப் பையனை அப்படியே அள்ளித் தள்ளினான். அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை, என்னை நம்பிவிட்டான். நம்பியவனை ஏமாற்றக் கூடாதே என்று நான் கால்களையே பார்த்துக்கொண்டு, ஒற்றிக்கொண்டே இருந்தேன். சேற்றில் யார் கால் யார் மேல் படுகிறது என்று தெரியாதபோது, எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாகவே ஒற்றிக்கொண்டேன். அமெரிக்கரின் மனைவி கண்ணில் ஏதாவது விழுந்துவிட்டதா என்று கேட்டு, தன் கைக்குட்டையைக் கொடுத்தார். நன்றி சொல்லி அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

இவர் மேல் அதன் பிறகு ஒருவன் விரலும் படவில்லை. ஆனால் எதிரணியில் ஓடுகிறவன் இருந்தானே. நாங்கள் தடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன் இரண்டு முறை கோட்டைத் தாண்டிவிட்டான். இவர் சொன்னது அந்த வகையில் சரிதான். ஜெயிப்பதற்கு அப்படி ஒருவன் வேண்டியிருக்கிறது.

ஆட்டம் முடியப் போகிறது. சமமாக முடிந்தால் கடைசியாகத் தாண்டிய அணிக்கே வெற்றி என்பது அமெரிக்கர் வைத்த விதி. அதனால் எங்களுக்கு ஒரே ஒரு தடவை கோட்டைத் தாண்டினால் போதும், வெற்றி. கடைசி வாய்ப்பு. அமெரிக்கர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு விசிலை வாயில் வைத்தார். பந்து இவர் கைக்கு வந்தது. இடது ஓரத்தில் ஈப்போ பையன் ஒரு கையில் யாழ்ப்பாணத்துப் பையனையும் மறு கையில் ஆஸ்திரேலியக் கேப்டனையும் பிடித்து நிறுத்திக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் என்னென்னவோ செய்தார்கள், அவன் அசையவில்லை. வீசுவதற்கு ஆளைத் தேடி இவர் அங்கும் இங்கும் பார்த்தார். எல்லாரையும் எதிரணி மறித்திருந்தது. ஆனால் இவருக்கு முன்னால், நடுவில், கோடு வரை ஒரு வழி திறந்திருந்தது. கோட்டருகே மட்டும் இரண்டு தடியன்கள் காத்திருந்தார்கள். பந்தை இடுக்கிக்கொண்டு ஓடி, அவர்களை இடித்துக்கொண்டு விழுந்தால் கோடு நமக்கு.

எங்கள் அணியில் எல்லாரும் “ஓடு, ஓடு” என்று கத்தினார்கள். இவர் ஓடவில்லை. அவ்வளவு நேரம் அந்த ஆட்டத்தில் யாருக்குமே கிடைத்ததில்லை. வழியைப் பார்த்தார், அந்த இருவரைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? கண்ணில் ஒற்றுவதை எப்போதோ விட்டுவிட்டேன். போர்வை எங்கேயோ கிடந்தது. நாற்காலியை விட்டு எழுந்து, கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன்: “ஓடுங்க! ஓடுங்கங்க! இடிச்சுக்கிட்டு ஓடுங்க!”

இவர் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, பந்தைப் புல்மேல் மெதுவாக வைத்தார். அப்படி வைத்துவிட்டால் அந்த வாய்ப்பு முடிந்தது என்று அர்த்தம். விசில் ஊதியது. தோற்றுவிட்டோம்.

எங்கள் அணிக்காரர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். ஒருவன் தொப்பியைக் கழற்றி எறிந்தான். ஈப்போ பையன், பிடித்திருந்த இரண்டு பேரையும் பத்திரமாகக் கீழே இறக்கிவிட்டு ஓடி வந்தான்.

“என்னா ஆச்சுண்ணே? நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா?”

“நீ ரொம்ப நல்லா நின்னே தம்பி” என்றார் இவர், அவன் முதுகைத் தட்டி. “அதனாலதான் தோத்தோம்.”

அவனுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். வடை டப்பாவையும் நாற்காலியையும் காரில் ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். இவர் ஸ்டியரிங்கைச் சேற்றுக் கையால் பிடித்தபடி ஓட்டினார். நான் கொஞ்ச தூரம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன்.

“வழி திறந்திருந்துச்சே. நானே ஓடச் சொன்னேனே, கேக்கலையா?”

“கேட்டுச்சு. கிளேட்டன் பூரா கேட்டுச்சு.”

“பின்னே?”

“எப்பவும் பந்து கைக்கு வந்த உடனே எவனாவது மேல விழுவான். யோசிக்க நேரமே இருக்காது. இன்னைக்கு அந்தப் பய அப்படி நின்னுட்டான். நின்னு யோசிச்சேனா, பயம் வந்துடுச்சு.” கியரை மாற்றினார். “ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே. ஒரு மாசமா சாயங்காலம் லேபை விட்டதும் ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டிட்டுப் போயிட்டுத்தான் வீட்டுக்கு வர்றேன். ஒரு நாள் இந்த ரோடு, ஒரு நாள் அந்த ரோடு. எது சீக்கிரம், எங்கே டிராம் மறிக்கும், வாசல் எந்தப் பக்கம்னு பார்க்க.”

அந்த மாதம் முழுக்க இவர் தாமதமாக வந்ததை, பந்துப் பயிற்சி என்று நினைத்து நான் எத்தனை முறை முகத்தைத் திருப்பியிருக்கிறேன்! பயந்துகொண்டிருப்பது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இவர் சிரித்ததெல்லாம் எனக்காகச் சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அமெரிக்கரின் மனைவியின் கைக்குட்டை இன்னும் என்னிடம்தான் இருந்தது, நல்லவேளை.

“வீட்டுக்கு வேண்டாம். நேராப் போங்க” என்றேன். “எனக்கும் அந்த வாசலைக் காட்டுங்க.”

“இப்படியேவா?”

“இப்படியேதான்.”

போனோம். வாசலில் காரை நிறுத்தி, இவர் இறங்கி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்து கையைக் கொடுத்தார். உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவசரமாக வந்தார். தலை முதல் கால் வரை சேறாக, முழங்கையில் ரத்தம் காய்ந்து நின்ற இவரைப் பார்த்தார். அழுத கண்ணும் பெரிய வயிறுமாக நின்ற என்னைப் பார்த்தார். நாற்காலியை இருவருக்கும் நடுவில் நிறுத்தி, யார் உட்காரப் போகிறீர்கள் என்று கேட்டார்.

“இன்றைக்கு யாரும் இல்லை” என்று நான்தான் பதில் சொன்னேன், நல்ல இங்கிலீஷில். “சும்மா வழி பார்க்க வந்தோம்.”